மீன்குண்டு

மீன்குண்டின் பெண்டாட்டிக்கு மேட்டில் வேலை கிடைத்தபோது தெருவே சிரித்தது. "புருஷன் வெடிச்சு முடிச்சான், இப்போ பெண்டாட்டி தோண்டப் போறா" என்றார்கள். அவள் காதில் விழட்டும் என்றேதான் சொன்னார்கள். அவள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தாள். உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூட முடியாது என்பது அவளுக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

மேடு என்பது ஊருக்கு வெளியே ஆற்றைப் பார்த்துக் கிடந்த பெரிய மண்திட்டு. ஒரு காலத்தில் ராணுவம் அங்கேதான் சுட்டுப் பழகியது. முள்கம்பி இருந்தது, சிவப்புக்கொடி பறந்தது. பிறகு அவர்கள் மூட்டை கட்டிப் போய்விட்டார்கள். கொடி கிழிந்தது. கம்பியை ஆளுக்குக் கொஞ்சமாகச் சுருட்டிக்கொண்டு போய்த் தோட்டத்துக்கு வேலி போட்டார்கள். இப்போது அந்தத் திட்டுக்கு அடியில் பழங்காலத்து ஊர் ஒன்று புதைந்து கிடக்கிறது என்று தொல்லியல்காரர்கள் வந்திருந்தார்கள். தலைமை ஒரு பெண். எல்லோருக்கும் அவர் மேடம்தான்.

அவளுக்குச் சல்லடை வேலை. குழியில் சுரண்டிய மண்ணைக் கூடையில் கொண்டுவந்து கொட்டுவார்கள். மூன்று கழி நட்டு அதில் தொங்கவிட்ட சல்லடையை அவள் ஆட்டவேண்டும். மண் கீழே போகும்; மிச்சமிருப்பதைக் கையால் தடவிப் பார்க்கவேண்டும். ஓட்டுத்துண்டு ஒரு தட்டில், எலும்பு ஒரு தட்டில், எப்போதாவது ஒரு பாசிமணி. வெயில் ஏற ஏறப் புழுதி வியர்வையில் ஒட்டி, மதியத்துக்குள் அவளும் தோண்டி எடுத்த பொருள் மாதிரி ஆகிவிடுவாள். துருப்பிடித்த தோட்டா உறைகளும் அவ்வப்போது வரும். முதல் நாளே மேடம் சொல்லியிருந்தார். "இடத்தைச் சுத்தம் பண்ணிட்டோம், இருந்ததெல்லாம் வெறும் பயிற்சிக் குண்டுதான்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. இருந்தாலும் இரும்பா எது தெரிஞ்சாலும் கையை எடுத்துடுங்க. என்னைக் கூப்பிடுங்க."

பயிற்சிக் குண்டு என்ற சொல் அவளுக்குப் புதிதல்ல. ஸ்டேஷனில் போலீஸ்காரர்கள் அவள் புருஷனிடம் சொன்னதும் அதைத்தான். "அங்க கிடக்குறது வெறும் பயிற்சிக் குண்டுடா. அது எப்படி வெடிக்கும்? கதை விடாதே."

அவன் அப்போது அண்ணனோடு சேர்ந்து பம்ப்செட் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தான். மேட்டுக்குப் பின்னால் ஓர் ஓடைப் பக்கம் பம்ப் பார்க்கப் போனவன், மண்ணில் நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் குழாய் ஒன்றைக் கண்டு எடுத்து வந்தான். நல்ல கனமான இரும்பு. அடியில் தகடு தகடாக இறக்கை. அந்த இறக்கையைக் கழற்றலாம் என்று பட்டறை மேசையில் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினான். இடது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

"கீழ இறக்கை இருந்துச்சு. நீலப் பெயிண்ட் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. மஞ்சப் புகை வந்துச்சு." ஆஸ்பத்திரியிலும் இதையேதான் சொன்னான், ஸ்டேஷனிலும் இதையேதான் சொன்னான். அந்தச் சமயத்தில் ஆற்றில் குண்டு போட்டு மீன் பிடிக்கும் கூட்டம் ஒன்று இருந்தது. அதில் இரண்டு பேர் இவனுக்குச் சிநேகிதர்கள். விரல் போனவன் மீனுக்குக் குண்டு கட்டாமல் வேறு என்ன செய்திருப்பான்? கூடப் பிறந்த அண்ணனே அப்படித்தான் சொன்னான் என்றானபிறகு கேட்பானேன். ஆதாரம் ஒன்றும் கிடைக்காமல் விட்டுவிட்டார்கள். ஆனால் பட்டறையில் பங்கு போயிற்று, பேர் போயிற்று. ஊர் வேறு பேர் வைத்தது. பள்ளிக்கூடத்தில் மகளைக்கூட 'மீன்குண்டு மகள்' என்றே கூப்பிட்டார்கள். அந்த வீட்டில் அதற்குப்பிறகு மீன் வாங்குவதில்லை.

அவன் வீட்டிலேயே மோட்டார்களுக்குக் காயில் கட்ட ஆரம்பித்தான். வலது கையால் செம்புக் கம்பியை இழுத்துச் சுற்றுவான். இடது உள்ளங்கையால் அமுக்கிப் பிடிப்பான். கம்பி நழுவினால் அவள் பிடித்துக்கொள்வாள். பகலில் மீன்குண்டு என்று சிரித்தவர்கள் பொழுது சாய்ந்ததும் எரிந்துபோன மின்விசிறியைச் சாக்கில் சுற்றி எடுத்துவந்து, "கொஞ்சம் சீக்கிரம் பாருப்பா, புழுக்கம் தாங்கல" என்பார்கள்.

அன்று மேட்டில் காற்றே இல்லை. நெட்டச்சி குழியில் இறங்கிக் கொத்திக்கொண்டிருந்தாள். ஆள் வளர்ந்த உயரத்துக்கு வாயும் வளர்ந்தவள். ஊர்க்கதை எல்லாம் குழிக்குள்ளிருந்து மேலே வந்துகொண்டிருந்தது. திடீரென்று கதை நின்றது.

"அக்கா, இங்க ஒரு குழாய் இருக்கு. அந்தக் காலத்துலயே தண்ணிக் குழாய் போட்டிருக்கானுங்க பாரேன்!"

சல்லடையை விட்டுவிட்டு அவள் எட்டிப் பார்த்தாள். செம்மண்ணில் சாய்வாகக் கிடந்தது. துரு ஏறிய இரும்பு. வால் பக்கம் பூவிதழ் மாதிரித் தகடுகள் விரிந்திருந்தன. நெட்டச்சி அதைப் பிடித்து இழுக்கக் குனிந்தாள்.

"தொடாதடி!"

அவள் போட்ட சத்தத்தில் அடுத்த குழியில் இருந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள். "தொடாத... கையை எடு. அப்படியே, வந்த வழியிலயே ஏறி வா" என்றாள். நெட்டச்சி வாழ்க்கையில் முதல் முறையாக எதிர்த்துப் பேசாமல் ஏறி வந்தாள்.

மேடம் ஓடி வந்து பார்த்தார், கிட்டே போகவில்லை. எல்லோரையும் மேட்டை விட்டு இறக்கி ரோட்டுக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்தார். போன் மேல் போனாகப் போட்டார். மறுநாள் வெடிகுண்டு அகற்றும் படையிலிருந்து ஓர் அதிகாரி நாலைந்து ஆட்களோடு வந்தார். நரைத்த மீசை, மெதுவான பேச்சு. அவசரப்பட்டே பழக்கமில்லாத மனுஷன் என்று பார்த்தாலே தெரிந்தது. முதலில் தூரத்திலிருந்து பார்த்தார். பிறகு கவசம் போட்டுக்கொண்டு தனியாகப் போனார். ஒரு பெட்டியை வைத்து எக்ஸ்ரே மாதிரி படம் எடுத்தார்கள். வெயிலில் காத்திருந்தவர்களுக்குத் தண்ணீர்க்குடம் இரண்டு தடவை காலியாயிற்று.

கடைசியில் அதிகாரி அதை ஒரு தட்டில் வைத்து எடுத்துவந்தார். "இது செத்துப்போனது. பயப்படாம பாருங்க" என்றார். "ஆனா நான் சொன்னாத்தான் செத்தது. நீங்களா பார்த்து முடிவு பண்ணக்கூடாது."

மேடம் கேட்டார். "பயிற்சிக் குண்டுன்னா உள்ள ஒண்ணும் இருக்காதுன்னு சொன்னாங்களே?"

"எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க மேடம். ஆளைக் கொல்ற மருந்து இருக்காது, அது வாஸ்தவம். ஆனா பழகறவனுக்குத் தன் குண்டு எங்க போய் விழுந்துச்சுன்னு தெரியணும் இல்லையா? அதுக்காகக் கொஞ்சம் புகை மருந்து வச்சிருப்பாங்க. விழுந்ததும் டப்புன்னு வெடிச்சுப் புகை கிளம்பும். இங்க பாருங்க, இந்த ஓட்டை ஓரமெல்லாம் கருகி இருக்கு. மருந்து எரிஞ்சு வெளிய வந்த வழி இது. இந்த இறக்கை நடுவுல பாருங்க. துருவைக் கொஞ்சம் துடைச்சா நீலம் தெரியுது. பயிற்சிக்குன்னு அடையாளமா அடிக்கிற நிறம்."

நீலம். நகக்கண் அளவுக்குத்தான் இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மற்றவர்கள் கலைந்து போனபின்னும் நின்றாள்.

"என்னம்மா, ஏதாவது கேக்கணுமா?"

"ஐயா... இந்த மருந்து எரியாமலே மண்ணுல கிடந்தா?"

"எத்தனை வருஷம் கிடந்தாலும் அதுக்குக் கோபம் தீராது."

"அதை எடுத்துட்டுப் போய் மேசையில வச்சு, சுத்தியலால தட்டினா?"

அதிகாரி தட்டைக் கீழே வைத்தார். அவள் முகத்தைப் பார்த்தார். "யாரும்மா தட்டினது?" என்றார்.

அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். மேடம் வந்து முதுகைத் தடவினார். அழுகைக்கு நடுவில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அதிகாரி முழுவதும் கேட்டுவிட்டு, "இறக்கை, நீலம், மஞ்சப் புகை. மூணும் சரியா இருக்கேம்மா. அவர் பொய் சொல்லலை" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது அவன் வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து காயிலுக்கு வார்னிஷ் தடவிக்கொண்டிருந்தான். வீடு பூராவும் அந்த வாடை. அவள் கைகால்கூடக் கழுவாமல் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் தூரிகையை வைக்கவில்லை. தடவிக்கொண்டே கேட்டான். முடிந்ததும், "சரி" என்றான்.

"என்னங்க, சரிங்கிறீங்க?"

"வேற என்ன சொல்ல?" தூரிகையை டப்பாவில் போட்டுவிட்டுக் கேட்டான். "நான் சொன்னதை நீ எப்பவாவது நம்புனியா?"

பொய் சொல்லலாமா என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. பிறகு, "பாதி நாள் நம்புனேன். பாதி நாள் நம்பல" என்றாள்.

அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் சிரித்தான். "பாதி நாளா? பரவாயில்லை. நானே சில நாள் நம்பல. எல்லாரும் ஒரே மாதிரி சொல்லச் சொல்ல, ஒருவேளை நாமதான் ஏதாவது செஞ்சு தொலைச்சமோன்னு தோணிடும். ராத்திரி படுத்துக்கிட்டு அந்த நீலத்தை ஞாபகப்படுத்திப் பார்ப்பேன். அதுகூட வெளுத்துக்கிட்டே போச்சு."

அவள் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள். சோறு வடிக்கும்போது அவன் பின்னால் வந்து நின்றான்.

"ஏய், அந்த ஓடையில அது ஒண்ணு மட்டும் இல்லை. இன்னும் கிடந்துச்சு."

அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "இத்தனை வருஷமா ஏங்க சொல்லல?"

"சொன்னேனே. ஸ்டேஷன்ல சொன்னேன். 'அப்போ இன்னும் எங்கெல்லாம் ஒளிச்சு வச்சிருக்கே'ன்னு கேட்டு அடிச்சாங்க. அப்புறம் நான் யார்கிட்டயும் வாயைத் திறக்கல." கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். "இப்போ அந்த ஓடைக்கரை நிலத்தை அண்ணன் வாங்கியிருக்கான். குடோன் கட்டறான். நாளைக்குக் கடைக்கால் தோண்டப் பொக்லைன் வருதுன்னு காயில் கொடுக்க வந்தவன் சொன்னான்."

அவள் மூத்தாருக்கு, புருஷனின் அண்ணனுக்கு, போன் செய்தாள். எடுக்கவில்லை. மறுபடி செய்தாள். எடுக்கவில்லை. மேடத்துக்குச் செய்தாள். அதிகாரி மேட்டுப் பக்கத்திலேயேதான் தங்கியிருக்கிறார், காலையில் அனுப்பிவைக்கிறேன், அதுவரை யாரும் அங்கே போகவேண்டாம் என்றார் மேடம்.

விடிந்தும் விடியாமலும் ஆற்றுப் பக்கமிருந்து பொக்லைன் சத்தம் கேட்டது. அவன் சட்டையைக்கூடச் சரியாகப் போடாமல் கிளம்பினான். "நான் ரோட்டோட நிப்பேன், உள்ளே போகமாட்டேன்" என்று கேட்காமலே சொன்னான். அவளும் பின்னால் ஓடினாள்.

பொக்லைன் அப்போதுதான் லாரியிலிருந்து இறங்கி ரோட்டோரம் நின்று உறுமிக்கொண்டிருந்தது. மூத்தார் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு சுண்ணாம்புக் கோடு போட்ட இடத்தை டிரைவருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். தம்பியைப் பார்த்ததும் கையைக் கீழே போட்டார். இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிப் பல வருஷம் ஆகியிருந்தது. கல்யாணம் காட்சியில் பார்த்தால்கூட ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

"அங்க தோண்டாதே. நான் எடுத்தது அந்த இடத்துலதான். இன்னும் கிடக்கு."

"மறுபடியும் ஆரம்பிக்கிறியா?" என்றார் மூத்தார். "காலங்காத்தால, முதல் மண்ணு எடுக்கிற நேரத்துல?"

"மாமா, நேத்து மேட்டுல ஒண்ணு கிடைச்சிருக்கு. பெரிய அதிகாரி வந்து பார்த்துச் சொல்லியிருக்கார்" என்றாள் அவள்.

"மேட்டுல கிடைச்சா மேட்டுல பார்க்கட்டும். இது என் நிலம்மா. பட்டறையில பங்கு போன ஆத்திரத்துல குடோனையும் கட்டவிடக் கூடாதுன்னு வந்து நிக்கிறான். எனக்குத் தெரியாதா?" டிரைவரைப் பார்த்துக் கையை ஆட்டினார். "நீ போப்பா."

அவன் ரோட்டிலிருந்து நிலத்துக்குள் இறங்கும் வழியில், பொக்லைனுக்கு முன்னால் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான். அந்த இயந்திரத்தின் வாளி அவன் தலைக்கு மேலே தொங்கியது.

"ஏய், எந்திரிடா!"

"டிரைவர் தம்பி" என்றான் அவன், அண்ணனை விட்டுவிட்டு. "உனக்குப் பிள்ளைகுட்டி இருக்கா?" இடது கையைத் தூக்கிக் காட்டினான். "நான் சின்னச் சுத்தியலாலதான் தட்டினேன். நீ இவ்வளவு பெரிய கையால தட்டப்போற."

டிரைவர் அந்தக் கட்டைவிரலைப் பார்த்தார். என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி, தள்ளிப்போய் நின்றுகொண்டார். "அண்ணன் தம்பி தகராறு முடியட்டும் சார். நான் டீ குடிச்சுட்டு வர்றேன்" என்றார்.

மூத்தார் கத்திக்கொண்டிருக்கும்போதே அதிகாரியின் ஜீப் வந்துவிட்டது. அவர் யாரிடமும் சண்டைக்கு நிற்கவில்லை. உட்கார்ந்திருந்தவன் பக்கத்தில் தானும் குந்தி உட்கார்ந்து கேட்டார். "எங்கேன்னு இங்கிருந்தே கையைக் காட்டுங்க. எந்திரிச்சு வரவேண்டாம்."

அவன் காட்டினான். கரை உடைந்து சரிந்த இடம், அதற்குக் கீழே முள்மரம், அதன் வேருக்கு வலப்பக்கம். சுண்ணாம்புக் கோடு அதன் மேலேயே ஓடியிருந்தது.

ஆட்கள் இரும்பைக் கண்டுபிடிக்கும் கருவியால் மண்ணைத் தடவிக்கொண்டு அடிமேல் அடிவைத்துப் போனார்கள். சின்னச் சின்னக் கொடியாக நட்டார்கள். பலதும் செத்தவைதான் என்று அதிகாரி வந்து சொன்னார். "ஆனா ஒண்ணு எரியலை. உசிரோட இருக்கு. எடுத்துட்டுப் போற நிலைமையில இல்லை, இங்கேயே முடிக்கணும்."

மண்மூட்டை அடுக்கினார்கள். ரோட்டில் வண்டிகளை நிறுத்தினார்கள். ஊர் பாதி அங்கே கூடிவிட்டது. விசிலடித்தார்கள். யாரோ காதைப் பொத்துங்கள் என்றார்கள். அவள் புருஷன் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவன் உடம்பு தந்தி மாதிரி விறைத்திருந்தது.

சத்தம் பெரிதாக இல்லை. கதவை ஓங்கி அறைந்தாற்போல் ஒரு 'டப்'. மண்மூட்டை இடுக்கிலிருந்து புகை கிளம்பியது. மஞ்சள் புகை. முள்மரத்துக்கு மேலே எழுந்து, காற்றில்லாததால் போக வழி தெரியாமல் அப்படியே நின்றது. பிறகு வாடை வந்தது, அழுகின முட்டை மாதிரி.

மூத்தார் மூக்கைப் பிடித்துக்கொண்டார். பிறகு கையை எடுத்துவிட்டு மறுபடி மோந்தார்.

"இதே நாத்தம்" என்றார். "அன்னைக்குப் பட்டறையில இதே நாத்தம்தான். உன்னைத் தூக்கிட்டு ஓடுறப்போ என் சட்டையெல்லாம்..."

"நீதான் தூக்கிட்டு ஓடின" என்றான் தம்பி. "அது எனக்கு ஞாபகம் இருக்கு."

மூத்தார் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். அவளைப் பார்த்துத்தான் பேசினார். தம்பியைப் பார்த்துப் பேச முடியவில்லை. "ஸ்டேஷன்ல என்னையும் உட்காரவச்சாங்கம்மா. ரெண்டு பேரும் சேர்ந்துதானே செஞ்சீங்க, பட்டறையைப் பூட்டி சீல் வைக்கவான்னு கேட்டாங்க. எனக்கு ஈரக்குலை நடுங்கிப்போச்சு. 'எனக்கு ஒண்ணும் தெரியாது, அவன்தான் அந்த ஆத்துக் கூட்டத்தோட ராத்திரி ராத்திரி போவான்'னு சொல்லிட்டேன். அவன் ஒரு நாள்கூடப் போனதில்லை. சொன்ன பிறகு, ஒருவேளை போயிருப்பானோன்னு நானே நினைக்க ஆரம்பிச்சுட்டேன். அப்படி நினைச்சாத்தான் எனக்குத் தூக்கம் வந்துச்சு."

அவளுக்கு நாக்கு நுனிவரை வார்த்தை வந்தது. மகள் அழுதுகொண்டு பள்ளிக்கூடத்திலிருந்து வந்த நாட்களெல்லாம் கண்முன் வந்தன. புருஷன் முகத்தைப் பார்த்தாள். அதில் கோபம் இருந்தது, களைப்பும் இருந்தது, வேறு ஏதோவும் இருந்தது. வாயை மூடிக்கொண்டாள். கேட்கவேண்டியவன் அவன்.

அவன் ஒன்றும் கேட்கவில்லை. மூத்தார்தான் திடீரென்று எழுந்தார். "வா" என்றார். "ஸ்டேஷனுக்குப் போலாம்."

"இப்போ எதுக்கு?"

"எங்க சொன்னேனோ அங்கேயே போய் இல்லைன்னு சொல்லணும்."

பம்ப் ஏற்றும் சின்ன வேனில் மூன்று பேரும் முன்சீட்டில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

ஸ்டேஷனில் பழைய ஆட்கள் ஒருவர்கூட இல்லை. மேசைக்குப் பின்னால் மீசை அரும்பிய இளம் போலீஸ்காரன் ஒருவன் இருந்தான். பக்கத்தில் ஆட்டைக் காணோம் என்று புகார் கொடுக்க வந்த ஒரு பெண். தம்பி நடைவாசலிலேயே நின்றுவிட்டான். உள்ளே வரக் கால் எழவில்லை என்பது பெண்டாட்டிக்குப் புரிந்தது. அவளும் பக்கத்திலேயே நின்றாள். மூத்தார் மட்டும் மேசைவரை போனார். கையைக் கட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். போலீஸ்காரனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"பெரியவரே, அந்தக் கேஸெல்லாம் எப்பவோ முடிஞ்சு போயிருக்கும். அப்போ நானே ஸ்கூல்ல படிச்சுக்கிட்டு இருந்திருப்பேன். இப்போ வந்து சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகுது?"

மூத்தார் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு ஆகும்" என்று நடைவாசலிலிருந்து குரல் வந்தது. போலீஸ்காரன் திரும்பினான். "எனக்குச் சரியா விழலை, தம்பி. அந்த வெடியில ஒரு காது மந்தமாயிடுச்சு. இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாச் சொல்லச் சொல்லுங்க."

மூத்தார் திரும்பித் தம்பியைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. மூச்சை இழுத்துக்கொண்டார்.

"என் தம்பி குண்டு செய்யலை! அவன் ஆத்துக்கும் போனதில்லை! நான் சொன்னது பொய்!"

ஆட்டைத் தொலைத்த பெண் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். வெளியே சைக்கிளில் போன இரண்டு பேர் கால் ஊன்றி நின்று எட்டிப் பார்த்தார்கள். உள்ளறையிலிருந்து யாரோ, "என்னய்யா சத்தம் அங்க?" என்று கேட்டார்கள்.

அவன் நிலையைப் பிடித்திருந்த கையை எடுத்தான். அவளைப் பார்த்துத் தலையசைத்தான்.

"இப்போ கேட்டுச்சு" என்றான்.